தீவன மூட்டையில் எழுதாத பேரு

ஈர வைக்கோலைப் போர் போடக் கூடாதுன்னு எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போட்டால் ரெண்டு மூணு நாளில் போருக்குள் கையை விட முடியாது, அந்தக் கொதி கொதிக்கும். விடியக்காலையில் பார்த்தால் போர் மேலே ஆவி எழும்பும். பிரிச்சு உலர்த்தாமல் விட்டால் உள் வைக்கோல் வெந்து கருத்துப் போகும். சில நேரம் யாரும் கொள்ளி வைக்காமலே பத்திக்கிட்டு எரியவும் செய்யும்.

கப்பலில் ஏத்தின மீன் தூளும் இப்படித் தானாகப் பத்திக்கும்னு சொன்னால் நம்புவீங்களா? வைக்கோலில் முதல் சூட்டைக் கிளப்புறது ஈரமும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும். மீன் தூளில் அந்த வேலையைச் செய்யிறது அதுக்குள்ளே இருக்கிற எண்ணெய். டன் கணக்கில் கொட்டி, காத்தோட்டம் இல்லாத அடித்தளத்தில் வாரக் கணக்கில் கடல் மேலே போகும்போது சூடு ஏறி ஏறி புகைய ஆரம்பிச்சுடும். நடுக்கடலில் தீ என்றால் ஓடிப் போய் நிற்க இடம் ஏது?

அந்தத் தீயை அடக்க மீன் தூளில் கலந்த மருந்துக்கு எத்தாக்சிக்வின்னு பேரு. வாயில் நுழையாத பேரு. ஆனால் 2012-இல் இந்தியக் கடலோரத்து இறால்காரர்கள் எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லக் கத்துக்க வேண்டியதாப் போச்சு. நம்ம பழைய தஞ்சை ஜில்லாவின் கடல் ஓரமும் அதில் சேர்த்தி. நான் உள்நாட்டு நெல் விவசாயி, இறால் வளர்க்கிறவன் இல்லை. ஆனாலும் யாரோ போட்ட மருந்துக்கு யாரோ கணக்கு சொல்ல வேண்டி வந்த இந்தக் கதை எல்லா விவசாயிக்கும் பொருந்தும். வாங்கிச் சாப்பிடுற உங்களுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் இருந்ததைப் பிள்ளைங்க படிச்சுச் சொல்லக் கேட்டு, கணக்கை நானே போட்டுப் பார்த்து எழுதுறேன்.

சிக்கு வாடையும் ரப்பரும்

எண்ணெய்ச் சத்து உள்ள எதுவும் காத்துப் பட்டால் ஒரு நாள் கெடும். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு மார்கழியில் சிக்கு வாடை அடிக்கிறதும், பழைய கொப்பரை காறுறதும் இதனால்தான். காத்தில் இருக்கிற ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்து அதைக் கெடுக்குது. கெட்ட துளி பக்கத்துத் துளியைக் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். சீட்டுக்கட்டை வரிசையா நிறுத்தித் தட்டி விட்ட மாதிரி ஒண்ணு மேலே ஒண்ணு சாயும். நடுவில் ஒரு சீட்டை உருவினால் சாய்றது நிற்கும் இல்லையா, அப்படி உருவுற பொருளைத்தான் ஆன்டிஆக்சிடன்ட்னு சொல்றாங்க. நம்ம எள்ளில் இயற்கையாகவே அது உண்டு. நல்லெண்ணெய் மத்த எண்ணெயைவிடக் கூடுதல் நாள் தாங்குறதுக்கு அதுவே காரணம். மீன் எண்ணெய் இதுக்கு நேர் எதிர். ரொம்பச் சீக்கிரம் கெடுற ஜாதி.

எத்தாக்சிக்வின் சாப்பாட்டுக்காகப் பிறந்த பொருள் இல்லை. ரப்பர் சரக்கு. வெயிலில் கிடக்கிற டிராக்டர் டயரில் பக்கவாட்டில் வெடிப்பு வெடிப்பாகக் கீறல் விடும், பார்த்திருப்பீங்க. அதுவும் காத்து செய்யிற வேலைதான். அந்தக் கீறல் விழாமல் இருக்க ரப்பரில் கலந்தது இந்த மருந்து. அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனி 1950-களில் இதையே கால்நடைத் தீவனத்துக்குக் கொண்டு வந்தது. தீவனத்துக்கு விற்கும்போது வைச்ச பேரு சான்டோக்வின்.

அன்னைக்கு அதுக்குத் தேவை இருந்தது. அமெரிக்காவில் குதிரை மசாலை அறுத்து, உலர்த்தி, தூளாக்கிக் கோழிக்குப் போடுவாங்க. தூள் பண்ணி வைச்சால் பச்சையில் இருக்கிற சத்து நாள்பட நாள்பட அழிஞ்சு போகும். வைட்டமின் ஈ குறைஞ்ச தீவனம் தின்ன குஞ்சுக்கு மூளை பாதிச்சு, தலை திருகி, கீழே விழுந்து சாகும். இந்த மருந்து கலந்தால் சத்தும் நின்னது, குஞ்சும் பிழைச்சது. 1950-களின் கடைசியில் அமெரிக்க அரசு தீவனத்தில் டன்னுக்கு 150 கிராம் வரை போடலாம்னு அனுமதி கொடுத்தது.

அதுக்கப்புறம் அது கால் வைக்காத இடம் இல்லை. குளிர்பதனக் கிடங்கில் வைச்ச ஆப்பிளும் பேரிக்காயும் தோல் கருத்துப் போகாமல் இருக்க அதில் முக்கி எடுத்தாங்க. மிளகாய்த் தூளும், பாப்ரிகான்னு சொல்ற சிவப்புத் தூளும் நிறம் மங்காமல் இருக்கக் கலந்தாங்க. அமெரிக்கச் சட்டம் மிளகாய்த் தூளில் டன்னுக்கு 100 கிராம் வரை அனுமதிச்சது. இந்த எண்ணை ஞாபகம் வைச்சுக்குங்க, பின்னாடி வரும்.

அதே காலத்தில் பெரு நாட்டில் மீன் தூள் தொழில் தலைகால் புரியாமல் வளர்ந்தது. அந்தக் கடலில் கிடைக்கிற நெத்திலி இனத்து மீனை மலை மலையாகப் பிடிச்சு, வேக வைச்சு, பிழிஞ்சு, தூளாக்கி உலகம் பூராவும் கோழிக்கும் பன்றிக்கும் அனுப்பினாங்க. கப்பல் தீ பயம் அங்கேதான் வருது. அபாயச் சரக்கு ஏத்துறதுக்கான சர்வதேசக் கப்பல் விதியில் மீன் தூளுக்குத் தனி இடமே ஒதுக்கினாங்க. ஆலையிலேயே டன்னுக்கு 400 முதல் 1,000 கிராம் வரை எத்தாக்சிக்வின் கலக்கணும். கப்பலில் ஏத்தும்போது டன்னுக்குக் குறைஞ்சது 100 கிராமாவது மிச்சம் இருக்கணும். இதுவே ரொம்ப வருஷம் நடப்பில் இருந்த விதி.

மருந்தைப் போடாட்டால் அங்கே தப்பு. இதை மனசில் நிறுத்திக்கிட்டு மேலே வாங்க.

நாய் வளர்த்தவர்கள் கேட்ட கேள்வி

இந்த மருந்து மேலே முதலில் பெரிய சந்தேகம் கிளப்பினது விஞ்ஞானி இல்லை, விவசாயியும் இல்லை. அமெரிக்காவில் நாய் வளர்க்கிறவங்க. 1980-களின் கடைசியில் நாய்த் தீவனப் பையைத் திருப்பிப் பார்த்தவங்க, என் நாய்க்குத் தோல் நோய் வருது, ஈரல் கெடுது, குட்டி தங்க மாட்டேங்குது, இந்த மருந்தாலதானான்னு அரசுக்கு எழுதிக்கிட்டே இருந்தாங்க. சொன்னது எல்லாமே நிரூபணம் ஆகலை. ஆனால் மான்சான்டோ தானே நாய்களை வைச்சு நடத்திய சோதனையில், ஈரலில் ஒருவகை நிறப்பொருள் சேர்றதும் ரத்தத்தில் ஈரல் சம்பந்தப்பட்ட அளவுகள் ஏறுறதும் தெரிஞ்சது. 1997 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாய்த் தீவனக் கம்பெனிகளைக் கூப்பிட்டு, 150-ஐ 75 ஆகக் குறைச்சுக்குங்கன்னு கேட்டுக்கிட்டது. அது உத்தரவு இல்லை, வேண்டுகோள்.

நாய் வளர்த்தவங்க எப்படிக் கேட்க முடிஞ்சது? அவங்க வாங்கின பையில் பேரு அச்சாகி இருந்தது. பேரு தெரிஞ்சதால் கேள்வி வந்தது, கேள்வி வந்ததால் சோதனை நடந்தது, சோதனை நடந்ததால் எண் குறைஞ்சது. பேரு தெரியாத இடத்தில் என்ன நடந்தது என்கிறதுக்கு நம்ம கடலோரத்தைப் பார்க்கணும்.

நம்ம கடலோரத்துக்கு இறால் வந்த கதை

1991 வரைக்கும் நாகப்பட்டினம், வேதாரண்யம், சீர்காழி, தரங்கம்பாடி எல்லாம் எங்க தஞ்சை ஜில்லாதான். அந்தச் சமயத்தில்தான் கடலோர நெல் வயல்களை வாங்கி இறால் குளம் வெட்ட ஆரம்பிச்சாங்க. உப்புத் தண்ணி குளத்திலிருந்து பக்கத்து வயலுக்குக் கசிஞ்சது, குடிதண்ணிக் கிணறு உவர்த்தது, அறுப்பு வேலை நடவு வேலை போச்சு. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராகப் போய் இதுக்கு எதிரா ஜனங்களைத் திரட்டினாங்க. ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கிற இறால் பண்ணைகளை, பழைய முறைப் பண்ணைகள் தவிர, 1997 மார்ச் 31-க்குள் அகற்றச் சொன்னது அந்தத் தீர்ப்பு. அப்புறம் மறுஆய்வு, புதுச் சட்டம்னு இழுத்துக்கிட்டே போய், 2005-இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செஞ்சால் நடத்தலாம்னு ஆச்சு.

நடுவில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து வரி இறாலைக் குளம் குளமாக அழிச்சது. 2009-இல் வனாமி என்கிற வெளிநாட்டு இறாலை வளர்க்க அரசு அனுமதி கொடுத்த பிறகு தொழில் மறுபடி நிமிர்ந்தது. பழைய தகராறின் நியாய அநியாயத்தை இங்கே பேச வரலை. எனக்கு அதில் என் கருத்து உண்டு, அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே சொல்ல வந்தது ஒண்ணுதான். நீதிமன்றம் வரைக்கும் போன அந்தச் சண்டை தண்ணி, உப்பு, நிலம், கூலி பற்றினது. தீவன மூட்டை அன்னைக்குப் பிரச்சினையாக இல்லை.

ஆனால் இறால் தொழிலில் செலவில் ஏறக்குறைய பாதி தீவனம்தான். ஒரு கிலோ இறால் எடுக்க ஒண்ணேகால், ஒண்ணரை கிலோ தீவனம் போகும். அந்தத் தீவனத்துக்கு உயிர் மீன் தூள். மீன் தூளுக்குள்ளே நாம மேலே பார்த்த மருந்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் விதிப்படி ஒரு டன் மீன் தூளில் 100 கிராம் மருந்து மிச்சம் இருக்குன்னு வைங்க. தீவனத்தில் கால் பங்கு மீன் தூள்னு வைங்க. தீவனக் கம்பெனி ஒரு சிட்டிகை மருந்துகூடத் தன் கையால் போடலை. இருந்தாலும் ஒரு டன் தீவனத்துக்குள் 25 கிராம் வந்து உட்கார்ந்துடும். கம்பெனிக்காரர், நான் எதுவும் கலக்கலைன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணலாம். அது பொய்யும் இல்லை.

ஜப்பான் போட்ட தடை

ஜப்பான்காரர்கள் இறால் பிரியர்கள். இந்திய இறாலுக்கு ரொம்ப காலமாகப் பெரிய வாடிக்கையாளர்கள். 2006 மே மாதம் அந்த நாடு ஒரு புது விதி கொண்டு வந்தது. எந்தெந்த உணவில் எந்தெந்த ரசாயனம் எவ்வளவு மிஞ்சலாம்னு ஒரு பெரிய பட்டியல் போட்டாங்க. பட்டியலில் இல்லாத ஜோடிக்கு எல்லாம் ஒரே அளவு: பத்து லட்சத்தில் 0.01 பங்கு. அதாவது 100 டன்னில் ஒரு கிராம்.

நம்ம கணக்கில் சொல்றேன். 60 கிலோ மூட்டையாக 1,600 மூட்டைக்கு மேல் நெல்லை ஒரு கிடங்கில் அடுக்கி, அதுக்குள்ளே ஐம்பது சொச்சம் நெல்மணியைச் சாயம் பூசிப் போட்டுக் கண்டுபிடின்னு சொன்ன மாதிரி. இன்னைக்கு இருக்கிற கருவிகள் கண்டுபிடிச்சுடும்.

எத்தாக்சிக்வினுக்குப் பட்டியலில் மீனுக்கு ஒரு இடம் இருந்தது. மீனில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் வரை இருக்கலாம். இறாலுக்கு இடமே இல்லை. இல்லாததால் தானாகவே 100 டன்னுக்கு ஒரு கிராம் என்கிற பொது விதிக்குள் விழுந்தது. ஒரே கடல், ஒரே மருந்து. மீன் என்றால் நூறு மடங்கு தளர்வு, இறால் என்றால் நூறு மடங்கு இறுக்கம். இறால் நூறு மடங்கு ஆபத்துன்னு யாரும் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதில்லை. பட்டியல் போட்டபோது இறாலுக்கு ஒரு அளவு குறிக்கப்படலை, அவ்வளவுதான்.

2012-இல் ஜப்பான் முதலில் வியட்நாம் இறாலிலும் பிறகு இந்திய இறாலிலும் இந்த மருந்தைச் சோதிக்க ஆரம்பிச்சது. இருந்தது. சரக்கு நின்னது. வர்ற இந்திய இறால் எல்லாத்தையும் சோதிச்சுத்தான் உள்ளே விடுவோம்னு சொன்னாங்க. குளிர்பதனப் பெட்டி துறைமுகத்தில் காத்துக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் காசு. ஏற்றுமதியாளர் வாங்கும் விலையைக் குறைச்சார், அவருக்குக் கீழே வியாபாரி குறைச்சார், கடைசியில் குளத்து மேட்டில் நிக்கிறவர் தலையில் வந்து இறங்கிச்சு.

சீர்காழிப் பக்கம் அப்போ குளம் குத்தகைக்கு எடுத்திருந்த மச்சான் முறைக்காரர் ஒருத்தர், ஒரு கல்யாணத்தில் என்கிட்டே புலம்பினது இன்னும் காதில் இருக்கு. "நான் ஆன்டிபயாட்டிக் போடலை மச்சான், பூச்சி மருந்து பக்கமே போகலை. வாங்கின தீவனத்தைப் போட்டேன். ஏதோ ரசாயனம் இருக்காம், விலையைக் குறைச்சுட்டான். அந்த ரசாயனம் பேரைக்கூட வியாபாரிக்குச் சொல்லத் தெரியலை." அவர் வீட்டில் காலி மூட்டை கிடந்தது, பிற்பாடு போனபோது பார்த்தேன். புரதம் இத்தனை சதம், கொழுப்பு இத்தனை சதம், ஈரம் இத்தனை சதம்னு பளபளன்னு அச்சு. இந்த மருந்து பேரு மட்டும் அதில் இல்லை.

பெருவில் மீன் தூள் ஏத்துறவனுக்கு மருந்து போடறது கட்டாயம். ஜப்பானில் இறால் இறக்குறவனுக்கு அந்த மருந்து இருந்தால் குற்றம். ரெண்டு துறைமுகத்துக்கும் நடுவில் மாட்டிக்கிட்டது மருந்தைக் கண்ணாலேயே பார்க்காத ஒரு குளத்துக்காரன்.

இந்திய அரசு சும்மா இருக்கலை. உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தில் இதைக் கிளப்பி, மீனுக்கு ஒரு நியாயம் இறாலுக்கு ஒரு நியாயமான்னு கேட்டது. ஜப்பானும் ஆராய்ஞ்சு பார்த்து, 2014 ஜனவரியில் இறாலுக்கு அளவை 0.01-இலிருந்து 0.2 ஆக உயர்த்தியது. இருபது மடங்கு. முந்தின வருஷம் திருப்பி அனுப்பின இறாலே இந்த வருஷம் வந்திருந்தால் தாராளமாக உள்ளே போயிருக்கும். இறால் மாறலை, மருந்து மாறலை, காகிதத்தில் எண் மாறிச்சு.

எண் வேற, ஆபத்து வேற

இதைப் படிச்சுட்டு, அப்போ ஜப்பான்காரன் வேணும்னே பண்ணினான், மருந்தில் ஒண்ணுமில்லைன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. அவசரப்படாமல் ரெண்டு பக்கமும் பார்க்கணும்.

உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக வைச்சிருக்கிற நிபுணர் குழு 1998-இல் ஒரு அளவு சொன்னது. ஒரு ஆள் தன் எடையில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் வரைக்கும் தினமும், ஆயுசு பூராவும் சாப்பிடலாம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 0.3 மில்லிகிராம். இந்த அளவுகோலை மேலே பார்த்த எண்களில் வைச்சுப் பாருங்க.

ஜப்பானின் பழைய அளவைத் தொடுற இறால் என்றால், அந்த 0.3 மில்லிகிராம் உள்ளே போக ஒரு நாளைக்கு 30 கிலோ இறால் திங்கணும். புது அளவு என்றால் ஒண்ணரை கிலோ. அமெரிக்கச் சட்டம் அனுமதிச்ச உச்ச அளவில் மருந்து கலந்த மிளகாய்த் தூள் என்றால்? வெறும் 3 கிராம். ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். எல்லா மிளகாய்த் தூளிலும் அவ்வளவு இருக்குன்னு நான் சொல்லலை. சட்டம் போட்ட கோடு எங்கே இருந்ததுன்னு காட்டுறேன்.

30 கிலோ எங்கே, 3 கிராம் எங்கே? சட்டத்தில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்து ஆபத்தின் அளவைத் தீர்மானிக்க முடியாதுன்னு இதிலிருந்தே தெரியுது. யார் கேட்டாங்க, எப்போ கேட்டாங்க, எதுக்காகக் கேட்டாங்க என்கிறதைப் பொறுத்து எண் விழுந்திருக்கு. மிளகாய்த் தூள்காரர் நிறத்துக்காகக் கேட்டார், பெரிய எண் கிடைச்சது. இறாலுக்கு அளவு வேணும்னு யாரும் முன்கூட்டிக் கேட்கலை, அதனால் சின்ன எண்.

இன்னொரு பக்கம், அந்தக் கதையும் அத்தோடு முடியலை. நார்வேயில் வளர்ப்பு சால்மன் மீனை ஆராய்ஞ்சவங்க, இந்த மருந்து மீனுக்குள் போய் ரெண்டு மூலக்கூறு ஒண்ணோடு ஒண்ணு ஒட்டி வேறொரு பொருளாக மாறி, சதையில் தங்குதுன்னு கண்டாங்க. அதாவது போட்ட மருந்தை மட்டும் தேடினால் போதாது, அது மாறின உருவத்தையும் தேடணும். 2015-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தது. பாதுகாப்பானதுன்னு சொல்ல இந்தத் தகவல் போதாதுன்னு தீர்ப்பு சொன்னது. தயாரிக்கும்போது கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற பாரா-ஃபெனிடிடின் என்கிற கசடு, உயிரணுவின் மரபுப் பொருளைக் கெடுக்கக்கூடும்னும் சொன்னது. அப்படிப்பட்ட பொருளுக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு கோடு போடுறதே கஷ்டம். 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தீவனத்தில் எத்தாக்சிக்வினுக்குக் கொடுத்திருந்த அனுமதியை நிறுத்தி வைச்சது, படிப்படியாக விலக்கச் சொன்னது. ஆப்பிள், பேரிக்காய்க்கு அங்கே 2011-லேயே கதவு சாத்தியாச்சு.

கவனிச்சீங்களா, இது விஷம்னு நிரூபிச்சுத் தள்ளலை. பாதுகாப்பானதுன்னு நிரூபிக்க முடியாததால் தள்ளினாங்க. அறுபது வருஷம் புழங்கின பிறகு. வாழையில் புதுசாக ஒரு உரம் வந்தால் நாம ஒரு கட்டைக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தானே தோப்புக்குப் போடுவோம்? இங்கே முதலில் உலகத்துக்கே போட்டுட்டு, அப்புறம் உட்கார்ந்து பார்த்திருக்காங்க.

நம்ம அடுப்படி அலமாரி

இறால் சாப்பிடாதவங்க தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம். இதே குடும்பத்து வேலை செய்யிற வேற மருந்துகள் நம்ம வீட்டு அலமாரியிலேயே இருக்கு. எண்ணெய் பாக்கெட்டையோ பிஸ்கட் பாக்கெட்டையோ திருப்பி, பொடி எழுத்தில் 319, 320, 321 என்கிற எண்கள் இருக்கான்னு பாருங்க. 319 டி.பி.எச்.க்யூ., 320 பி.எச்.ஏ., 321 பி.எச்.டி. இந்தியச் சட்டப்படி சமையல் எண்ணெயில் டி.பி.எச்.க்யூ.வோ பி.எச்.ஏ.வோ டன்னுக்கு 200 கிராம் வரை போடலாம். பி.எச்.ஏ.வை அதிக அளவில் தின்ன எலிகளுக்கு முன்வயிற்றில் கட்டி வந்ததை ஜப்பான் விஞ்ஞானிகள் 1980-களின் தொடக்கத்தில் கண்டாங்க. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1986-இல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்பு இருக்கலாம்' என்கிற வரிசையில் வைச்சது. மனுசனுக்கு அந்த முன்வயிறு கிடையாது, எலிக்குக் கொடுத்த அளவும் ரொம்ப ரொம்ப அதிகம், அதனால் சட்ட அளவுக்குள் பயமில்லைன்னு இன்னொரு சாரார் சொல்றாங்க. ஜப்பான் டி.பி.எச்.க்யூ.வை உணவில் அனுமதிக்கலை. இந்தியாவும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதிக்குது. இங்கேயும் அதே கதைதான், நாட்டுக்கு ஒரு எண்.

வாட்சப்பில் வர்ற மாதிரி, இது பெட்ரோலில் செஞ்சது, தொட்டால் சாவுன்னு நான் சொல்ல மாட்டேன். கெட்டுப்போன எண்ணெயும் உடம்புக்கு நல்லது இல்லை. மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ பிழிஞ்ச பாமாயில் கப்பல் ஏறி, சென்னை வந்து, பாக்கெட்டாகி, மளிகைக் கடையில் மாசக் கணக்கில் நின்னு, உங்க வாணலிக்கு வரணும் என்றால் அதுக்கு ஏதோ ஒரு காவல் வேணும். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதில் இயற்கையாக இருந்த காவலில் ஒரு பங்கு போயிடுது, வெளியிலிருந்து ஒரு காவல்காரனை வைக்கிறாங்க. செக்கில் ஆட்டிப் பத்து நாளில் வீட்டுக்கு வர்ற எண்ணெய்க்கு அது தேவைப்படாது, ஆனால் அது வருஷக் கணக்கில் நிற்கணும்னு நீங்க எதிர்பார்க்கவும் கூடாது. மருந்து வேண்டாம்னால் கொஞ்சமா வாங்கணும், சீக்கிரம் தீர்க்கணும். தூரத்துக்கும் நாளுக்கும் யாராவது ஒருத்தர் விலை கொடுத்துத்தான் ஆகணும்.

மீன் தூள் தொழிலே இப்போ மெதுவாக மாறிக்கிட்டு வருது. கப்பல் விதியும் எத்தாக்சிக்வின் ஒண்ணையே பிடிச்சுக்கிட்டு நிற்கலை, பி.எச்.டி.யையும், வைட்டமின் ஈ இனத்து இயற்கைப் பொருளான டோக்கோஃபெராலையும் ஏத்துக்குது. இயற்கைச் சரக்குக்கு விலை கூடுதல், நிறையவும் போடணும். ஆக, வழி இல்லாமல் இல்லை. காசும் கேட்கிற ஆளும் வேணும்.

நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. நெல் விதை வாங்கினால் பையில் ரகம், முளைப்புத்திறன், சோதிச்ச தேதி, நேர்த்தி பண்ணின மருந்து பேரு எல்லாம் சீட்டில் இருக்கு. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், இறால் தீவனம் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கிற மருந்து பேரும் அளவும் மூட்டை மேலே தமிழில் இருக்கணும். கம்பெனி தன் கையால் போட்டது மட்டும் போதாது, மீன் தூளோடும் தவிட்டோடும் ஒட்டிக்கிட்டு வந்ததும் சேர்த்து. 2012-இல் அந்த ஒரு வரி மூட்டையில் இருந்திருந்தால், விதைக்கும் முன்னாடியே எங்க மச்சானைப் போல ஆயிரம் பேர் கேட்டிருப்பாங்க, இந்தத் தீவனம் போட்டால் ஜப்பான் வாங்குவானான்னு.

நாய் வளர்த்தவங்களுக்குக் கிடைச்ச அந்த ஒரு வரி, இறால் வளர்த்தவனுக்குக் கிடைக்கலை. அடுத்த தடவை இறாலோ கோழியோ முட்டையோ வாங்கும்போது கடைக்காரர்கிட்டே, இதுக்கு என்ன தீவனம் போட்டாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவருக்குத் தெரியாது. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் தனக்குச் சரக்குப் போடுறவரைக் கேட்பார், அவர் பண்ணைக்காரரைக் கேட்பார், பண்ணைக்காரர் மூட்டையைத் திருப்பிப் பார்ப்பார். நீங்க கேட்காத வரைக்கும் அவர் கேட்டால் கம்பெனி காதில் விழப் போறது இல்லை.